குழந்தைப் பேறும் மருத்துவ ஆராய்ச்சியும்



தோட்டத்திலே ஒரு கல்யாணம் நடந்து ஓராண்டு ஆகிவிட்டால் போதும். பெரட்டுக் களத்திலும் குழாயடியிலும் கோயில் வாசலிலும் அந்தப் பெண்ணைப் பார்த்து எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" இரண்டாம் ஆண்டிலே அந்தக் கேள்வி பேச்சாக மாறுகிறது. மூன்றாம் ஆண்டிலே பேச்சு பட்டமாக மாறுகிறது. அந்தப் பட்டம் என்னவென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. வளைகாப்பு வீட்டுக்கு அவளை அழைக்கத் தயங்குகிறார்கள். மாமியார் வேறு பெண் பார்க்கலாமா என்று யோசிக்கிறார். இத்தனையும் நடக்கும்போது, மாப்பிள்ளையைப் பார்த்து ஒருவராவது "தம்பி, நீ டாக்டரைப் பார்த்தாயா?" என்று கேட்பதுண்டா? இல்லை.

இன்று நாம் குழந்தைப் பேற்றைப் பற்றிப் பேசப்போகின்றோம். சினைமுட்டையைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் என்ன கண்டார்கள், குழந்தை இல்லாத தம்பதிகளுக்கு மருத்துவம் எப்படி உதவுகிறது, தோட்டத்துக் குடும்பம் ஒன்று முதலில் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம். வெட்கப்பட்டு ஒதுக்கிவைக்க வேண்டிய விஷயம் அல்ல இது. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம்.

முதலில் நமக்குத் தெரிந்த ஓர் உதாரணத்திலிருந்து தொடங்குவோம். செம்பனையிலே ஆண் பூக்குலை வேறு, பெண் பூக்குலை வேறு. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவைச் சேர்ந்தால்தான் குலையிலே பழம் நிறையும். 1981ஆம் ஆண்டுக்கு முன்பு நம் நாட்டுத் தோட்டங்கள் பலவற்றிலே இது தானாகச் சரிவர நடக்கவில்லை. ஆகவே ஆட்களே மகரந்தப் பொடியைச் சேர்த்து, அதை வேறொரு மாவுடன் கலந்து, பெண் பூக்களின் மேல் ஊதிவிட்டார்கள். அந்த வேலையைச் செய்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1981இல் ஆப்பிரிக்காவிலுள்ள கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு வண்டினத்தைக் கொண்டுவந்து தோட்டங்களிலே விட்டார்கள். வண்டு மகரந்தத்தைச் சுமந்து சென்றது, குலைகள் நிறைந்தன.

பழம் சரியாகப் பிடிக்காத அந்தக் காலத்திலே, பெண் பூக்குலைமீது குற்றம் சுமத்தி மரத்தை யாராவது வெட்டிச் சாய்த்தார்களா? இல்லையே. ஏன் பிடிக்கவில்லை என்று காரணத்தைத் தேடினார்கள். மகரந்தம் வந்து சேரவில்லை என்று கண்டார்கள். அதற்கு வழி செய்தார்கள். மரத்துக்கு நாம் காட்டிய நியாயத்தை வீட்டுக்கு வந்த மருமகளுக்கும் காட்ட வேண்டாமா?

சரி, மனித உடலிலே கரு எப்படி உண்டாகிறது? பெண்ணின் அடிவயிற்றிலே கருப்பைக்கு இரு பக்கத்திலும் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. அவற்றிலேதான் சினைமுட்டைகள் உள்ளன. ஒரு முட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பென்சில் முனையால் மெல்லத் தொட்டு வைத்த புள்ளியைவிடச் சிறியது. மாதம் ஒரு முட்டை பக்குவப்பட்டு வெளியே வரும். சினைக்குழாய் அதை வாங்கிக்கொள்ளும். அந்தக் குழாயிலேதான் ஆணின் விந்தணு முட்டையைச் சந்திக்க வேண்டும். முட்டை வெளிவந்த பிறகு ஏறக்குறைய ஒரு நாள்தான் கருத்தரிக்கும் சக்தியுடன் இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரையில் உயிரோடிருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் கரு. அந்தக் கரு ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிந்துகொண்டே கருப்பைக்கு வந்து, அதன் சுவரிலே பதிந்து வளரும்.

இவ்வளவு சிறிய முட்டையைக் கண்டுபிடிக்கவே மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது. 1672இல் டி கிராஃப் என்ற டச்சு மருத்துவர், சினைப்பையிலே நீர்க் கொப்புளம் போன்ற சிறு பைகள் இருப்பதை விவரித்தார். அந்தப் பைக்குள் இருக்கும் முட்டையை அவர் காணவில்லை. அதற்கு 155 ஆண்டுகள் கழித்து, 1827இல், வான் பேயர் என்ற அறிஞர் ஒரு நாயின் சினைப்பையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து முட்டையைக் கண்டார். அதற்கு முன்பு, ஆண் விதைப்பவன், பெண் வெறும் நிலம் என்றே உலகத்தில் பலர் நம்பி வந்தனர். பயிர் விளையாவிட்டால் நிலத்தைப் பழிப்பது அந்த நம்பிக்கையிலிருந்து வந்த வழக்கம். ஆனால் முட்டையும் ஒரு விதைதான். பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் ஆளுக்குப் பாதி தருகிறார்கள். ஆகவே குறை வந்தாலும் அது இருவரில் யாரிடத்திலும் இருக்கலாம்.

முட்டையைப் பற்றி இன்னோர் உண்மையை நம் பெண்பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். பெண் குழந்தை பிறக்கும்போதே தன் முட்டைகளையெல்லாம் கூடவே கொண்டுவருகிறது. பிறக்கும் நேரத்திலே 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது அது மூன்று நான்கு லட்சமாகக் குறைந்துவிடும். அவற்றிலே வாழ்நாள் முழுவதும் பக்குவப்பட்டு வெளிவருபவை ஏறத்தாழ 400 தான். மற்றவை தாமாகவே கரைந்துபோகும். வயது ஏற ஏற முட்டையின் எண்ணிக்கை குறைகிறது, தரமும் குறைகிறது. 35 வயதுக்கு மேல் இந்தக் குறைவு வேகமாகிறது. நல்ல சாப்பாடு உடம்புக்கு நல்லதுதான். ஆனால் முட்டையின் வயதை எந்தச் சாப்பாடும், எந்த டானிக்கும் திருப்பிவிட முடியாது. ஆகவேதான், காலத்தைக் கடத்தக் கூடாது என்று நாம் வலியுறுத்துகின்றோம்.

ஆணுக்கு வருவோம். விந்தணு அன்றாடம் புதிது புதிதாக உண்டாகிறது. ஒரு விந்தணு உருவாகி முதிர்வதற்கு இரண்டரை மாதம் போல ஆகும். ஒரு மில்லிலிட்டர் விந்திலே 1 கோடியே 60 லட்சத்துக்குக் குறைந்தால் அது குறைவான எண்ணிக்கை என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எண்ணிக்கை போதாமல் இருக்கலாம். நீந்தும் வேகம் போதாமல் இருக்கலாம். வரும் வழி அடைபட்டிருக்கலாம். இவை எதுவும் வெளியே தெரியாது. கட்டுமஸ்தான உடம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. நாள் முழுவதும் குலை வெட்டிச் சுமக்கும் பலசாலிக்கும் இந்தக் குறை இருக்கலாம். இதனால் அவன் ஆண்மைக்கு எந்த இழுக்கும் இல்லை.

குழந்தை இல்லாத தம்பதிகளை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெண்ணிடத்தில் காரணம் இருக்கிறது; மூன்றில் ஒரு பங்கு ஆணிடத்தில் இருக்கிறது; மீதி இருவரிடத்திலும் இருக்கலாம், அல்லது காரணமே புலப்படாமல் போகலாம். உலகத்திலே ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தத் துன்பத்தை அனுபவிக்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஆகவே இது ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் அல்ல.

ஆணைப் பரிசோதிப்பது எவ்வளவு அவசியம் என்பதைக் காட்டும் ஒரு செய்தி உண்டு. தொழிலாளர்களான நாம் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே ஒரு ரசாயனத் தொழிற்சாலையில், மண்ணிலுள்ள புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தைத் தயாரித்து வந்தார்கள். அங்கே வேலை செய்த ஆண்களுக்குப் பிள்ளை பிறப்பது அரிதாக இருப்பதைத் தொழிலாளர்களே கவனித்தார்கள். 1977இல் அவர்களைப் பரிசோதித்தபோது, பலருக்கு விந்தணு மிகக் குறைவாக இருந்தது. சிலருக்கு அறவே இல்லை. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களிலே அதே மருந்தைக் கையாண்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் இவ்வாறு பாதிக்கப்பட்டார்கள். அந்த ஆண்களைப் பரிசோதிக்காமல், அவர்கள் மனைவிமாரையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் உண்மை வெளிவந்திருக்குமா? எல்லா மருந்தும் அப்படிப்பட்டதல்ல. ஆனாலும் மருந்து அடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் போகக் கூடாது. வேலை முடிந்ததும் குளித்து, அந்த உடுப்பைத் தனியே துவைக்க வேண்டும். எந்த மருந்தைக் கையாளுகிறோம் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

வேறு என்ன காரணங்கள்? பெண்களிடத்திலே சினைக்குழாய் அடைபட்டிருக்கலாம். கவனிக்காமல் விட்ட பால்வினை நோயும் காசநோயும் குழாயை அடைத்துவிடக் கூடும். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப்போனால், முட்டை மாதந்தோறும் வெளிவரவில்லை என்று பொருள் கொள்ளலாம். உடல் பருமனும், சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லப்படும் கோளாறும், தைராயிடு கோளாறும் இதற்குக் காரணமாகலாம். ஆண்களுக்கு, வயதுக்கு வந்த பின் காணும் பொன்னுக்கு வீங்கி விரைகளைத் தாக்கலாம். புகை பிடிப்பதும், சம்சுவும் மற்ற மதுவும் அளவு மீறுவதும் விந்தணுவைக் கெடுக்கும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? கல்யாணமாகிக் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்து ஓராண்டாகியும் கரு தரிக்காவிட்டால் இருவரும் டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயதுக்கு மேலானால் ஆறு மாதமே போதும். மாதவிலக்கே ஒழுங்காக வராதவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். முதலிலே அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குச் செல்லுங்கள். அங்கிருந்து கடிதம் பெற்றுப் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம்.

ஆணுக்குரிய பரிசோதனை மிகச் சுலபமானது. ஊசியில்லை, கத்தியில்லை. இரண்டு மூன்று நாள் தாம்பத்திய உறவு இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு புட்டியில் விந்தைச் சேகரித்துக் கொடுக்க வேண்டும்; அவ்வளவுதான். பெண்ணுக்குரிய சில பரிசோதனைகளோ வலியும் செலவும் உள்ளவை. சுலபமான பரிசோதனையைக் கணவன் முதலில் செய்துகொள்வதுதான் நியாயம்.

காரணம் தெரிந்துவிட்டால் பலருக்குப் பெரிய சிகிச்சையே தேவைப்படாது. முட்டை வெளிவராதவர்களுக்கு மாத்திரை உண்டு. எடை அதிகமுள்ளவர்களுக்குச் சற்று இளைத்தாலே மாதவிலக்கு சீராவதுண்டு. சிலருக்கு, கணவனின் விந்தைச் சுத்தம் செய்து, தக்க நாளிலே மெல்லிய குழாய் மூலம் கருப்பைக்குள் செலுத்துகிறார்கள். அதாவது, செம்பனைக்கு மகரந்தம் ஊதினோமே, அதைப் போன்ற உதவி இது.

குழாய் அடைபட்டவர்களுக்கு என்ன வழி? அந்த வழியைக் கண்டவர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். இங்கிலாந்திலே பஞ்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஓல்டம் என்ற ஊரில் பேட்ரிக் ஸ்டெப்டோ என்ற மருத்துவர் இருந்தார். வயிற்றிலே சிறு துளையிட்டு, ஒளிக் குழாய் மூலம் உள்ளே பார்ப்பதில் அவர் வல்லவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி முட்டையை ஆராய்ந்து வந்தார். ஜீன் பர்டி என்ற நர்ஸ் ஆராய்ச்சிக்கூட வேலைகளைக் கவனித்தார். உடலுக்கு வெளியே கண்ணாடித் தட்டிலே மனித முட்டையைக் கருவுறச் செய்ததை 1969இல் உலகுக்கு அறிவித்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. 1971இல் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பண உதவி தர மறுத்துவிட்டது. ஆனாலும் அவர்கள் விடவில்லை.

1969 முதல் 1978 வரையில் 282 பெண்கள் இந்த ஆராய்ச்சிக்குத் தம் உடலை ஒப்படைத்தார்கள். அவர்களில் ஐந்து பேரே கருத்தரித்தார்கள்; இரண்டு பேருக்கே குழந்தை கிடைத்தது. முதல் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் ஓல்டம் மருத்துவமனையிலே பிறந்தாள். தகப்பனார் ரயில்வேத் தொழிலாளி. உலகம் அவளைப் பரிசோதனைக் குழாய் குழந்தை என்று அழைத்தது. அந்தப் பெண் வளர்ந்து, மணம் புரிந்து, இயற்கையாகவே கருத்தரித்துத் தாயானார். எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டெப்டோவும் பர்டியும் அதைக் காண உயிரோடில்லை. கையிலே குழந்தை இல்லாமல் வீடு திரும்பிய அந்த 280 பெண்களையும் நாம் மறக்கக் கூடாது. அவர்கள் பட்ட பாட்டின் பலனைத்தான் இன்று மற்றவர்கள் அனுபவிக்கிறார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இம்முறையிலே 1 கோடிக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்தது. கல்கத்தாவிலே டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் 1978 அக்டோபர் 3ஆம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் சொன்னதை அன்றைக்கு அதிகாரிகள் நம்பவில்லை. மனமுடைந்த அவர் 1981இல் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். பின்னாளில் டாக்டர் ஆனந்த் குமார் என்ற விஞ்ஞானி அவருடைய குறிப்புகளை ஆராய்ந்து, முதலிடம் முகர்ஜிக்கே உரியது என்று 1997இல் எடுத்துரைத்தார். சிங்கப்பூரிலே கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1983 மே 19ஆம் நாள் இம்முறையிலே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம் இலங்கையிலே பிறந்த தமிழர். இது நாம் பெருமைப்படக்கூடிய செய்தி அல்லவா?

இந்தச் சிகிச்சை எப்படி நடக்கிறது? பெண்ணுக்கு ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போடுவார்கள். ஒன்றுக்குப் பதில் பல முட்டைகள் பக்குவமாகும். மெல்லிய ஊசியால் அவற்றை எடுத்து, தட்டிலே கணவனின் விந்தணுவோடு சேர்ப்பார்கள். விந்தணு மிகக் குறைவானால், ஒரே ஒரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் நேரே செலுத்துவார்கள். இம்முறையில் முதல் குழந்தை 1992இல் பெல்ஜியம் நாட்டில் பிறந்தது. மூன்று அல்லது ஐந்து நாள் வளர்ந்த கருவை வலியில்லாமல் கருப்பைக்குள் வைப்பார்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையில் முடிவு தெரியும். தட்டிலே கரு இருப்பது சில நாள்தான். மற்ற மாதங்களெல்லாம் தாயின் வயிற்றிலேதான் வளருகிறது. அந்தப் பெற்றோரின் ரத்தமும் சதையுமே அக்குழந்தை. மிஞ்சிய கருக்களைக் குளிரில் உறையவைத்துப் பின்னர் பயன்படுத்துவதும் உண்டு.

ஆனால் இது மந்திரமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் கணக்குப்படி பார்த்தால், 35 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு ஒரு முறை கரு வைத்தால் மூன்றில் ஒன்று என்ற அளவில் பலன் கிடைக்கிறது. 43 வயதுக்கு மேல் இருபதில் ஒன்றுதான். ஊசியால் சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி ஆபத்தாகலாம். வயிறு உப்பி மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரட்டைப் பிள்ளை தாய்க்கும் சேய்க்கும் கூடுதல் ஆபத்து. ஆகவே ஒரு கருவை மட்டும் வைப்பதையே டாக்டர்கள் பெரும்பாலும் விரும்புகிறார்கள்.

செலவும் சிறிதல்ல, தனியார் இடங்களிலே ஒரு முறைக்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். அரசாங்க மருத்துவமனைகளிலே, கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனை, அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனை போன்ற இடங்களில் இச்சிகிச்சை உண்டு. எல்.பி.பி.கே.என். எனப்படும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் உதவுகிறது. 2020 முதல் ஊழியர் சேமநிதியிலிருந்து இதற்காகப் பணம் எடுக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. நகையை அடகு வைப்பதற்கு முன்பு இவற்றை விசாரியுங்கள். கையெழுத்துப் போடுமுன், யாருடைய முட்டை, யாருடைய விந்து, எத்தனை கரு, எவ்வளவு பணம் என்று தெளிவாகக் கேளுங்கள். நிச்சயம் பிள்ளை கிடைக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதையும் காவடி எடுப்பதையும் நாம் குறை கூறவில்லை; மனத்துக்கு அது பலம். ஆனால் போமோவிடமும் பெயர் தெரியாத லேகியத்திலும் ஆண்டுகளைக் கழித்தால், முட்டையின் வயது நமக்காகக் காத்திருக்காது.

எல்லாம் செய்து பார்த்தும் பிள்ளை இல்லாமல் போகலாம். அப்போதும் கணவன் மனைவிக்குத் துணை. மனைவி கணவனுக்குத் துணை. சட்டப்படி ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்ப்பவர்களும் தாய் தகப்பன்தான்.

ஆகவே நேயர்களே, நாம் சொன்னவற்றிலே மூன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே டாக்டரிடம் போகட்டும். எளிய பரிசோதனையை ஆண் முதலில் செய்துகொள்ளட்டும். மாமியார்மார்களே, காரணம் தெரியுமுன்னே மருமகள்மீது பழியைப் போட வேண்டாம். காரணம் தெரிந்த பின்னும் எவர்மீதும் பழி வேண்டாம். அது நோய், யாரும் செய்த குற்றமல்ல.